குடியை விட்டவனின் இரவு

கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஒரு குறள் உறக்கத்தையும் கள்ளையும் சேர்த்து நிறுத்துகிறது. உறங்குபவனுக்கும் பிணத்துக்கும் பேதமில்லை. குடிப்பவனுக்கும் விஷம் தின்பவனுக்கும் பேதமில்லை. விஷத்தை விட்டபின் அந்தச் சிறு சாவும் வாய்க்காமல் கிடப்பவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. நம் ஒழுக்கச் சிந்தனையிலும் அவனுக்கு இடமில்லை. நிறுத்தியதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

என் நண்பர் ஒருவர் குடியை விட்டு ஐந்து மாதங்களாகின்றன. கைநடுக்கம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் பால்காரர் வரும்வரை விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறார். "செஞ்ச பாவம் உறுத்துது" என்கிறார் அவருடைய மாமியார். இந்த விளக்கத்தில் ஒரு நீதி இருக்கிறதே தவிர உண்மை இல்லை. மது மூளையின் அடக்கும் விசைக்குத் துணை நிற்பது. வருஷக்கணக்கில் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியை ஏற்றி வைத்துக்கொள்கிறது. மது போனதும் ஏறியது உடனே இறங்கிவிடுவதில்லை. உறக்கக் கோளாறு மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் நீடிக்கிறது. பாவிக்கு விழிப்பு, திருந்தியவனுக்கு உறக்கம் என்ற கணக்கு இங்கே செல்லாது. குடித்தவன் படுத்ததும் உறங்கிப்போகிறான். பின்னிரவில்தான் வட்டி கட்டுகிறான்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு. குடியை விடுவதைச் சங்கல்பத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறோம். உறக்கமோ சங்கல்பம் செல்லுபடியாகாத இடம். உறங்கியே தீருவேன் என்று பல்லைக் கடிப்பவனிடம் அது வராது. பகலெல்லாம் இறுக்கிப் பிடி என்று சொல்லப்பட்ட மனிதனிடம் இரவானதும் பிடியை விடு என்கிறோம். பிடியை விட அவருக்குத் தெரிந்திருந்த ஒரே வழி குப்பிதான். அவர் சறுக்கினால் திடமில்லாதவர் என்போம்; மூன்று மணிநேர உறக்கத்துக்காகப் பேரம் பேசியிருக்கலாம் என்று தோன்றாது. (டயஜிபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர்கள் முதல் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்துக் குறைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் மது தட்டிய கதவையே தட்டுவது, பழகிப்போகும்.) தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழு என்கிறது இன்றைய சிகிச்சை. முயற்சியைக் கைவிடுவதற்கே ஒரு முயற்சி.

உறக்கம் வந்தாலும் தொல்லைதான். மது அமுக்கி வைத்திருந்த கனவுறக்கம் பொங்கி எழுகிறது. நண்பர் கனவில் குடிக்கிறார்; விழித்ததும் தன் வாயைத் தானே முகர்ந்து பார்க்கிறார். புனித அகஸ்டின் தன் 'கன்ஃபெஷன்ஸ்' பத்தாம் புத்தகத்தில், காமக் கனவுகளை முன்னிட்டு, உறக்கத்தில் நான் நானாக இல்லையா என்று கேட்கிறார். விழித்ததும் மனசாட்சி அமைதிக்குத் திரும்புகிறது, ஆகவே அது நாம் செய்ததல்ல, நம்முள் நடந்தது என்று ஆறுதல் கொள்கிறார். விழிப்பைச் சாட்சியாக நம்ப முடிந்தவருக்குக் கிடைத்த ஆறுதல் அது. என் நண்பர் எத்தனையோ காலைகளில் முந்தைய இரவு அழிந்துபோன நிலையில் எழுந்தவர். நினைவில்லாதவற்றைச் செய்திருக்கிறார். இப்போது செய்யாதது நினைவிலிருக்கிறது.

கனவில் குடித்ததை மனைவியிடம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

"கனவுன்னு நம்பமாட்டா" என்றார்.