மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னவர்



இன்று வாசிக்கக் கேட்ட யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், இத்தனை பேருக்கும் அப்பம் எங்கே வாங்குவது என்று ஆண்டவர் பிலிப்பிடம் கேட்கிறார். பிலிப்பு மனக்கணக்குப் போட்டு, 200 தெனாரியமும் போதாது என்கிறார். அந்தக் காலத்தில் ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் 200 நாள் வியர்வை! ஆண்டவர் அந்தக் கணக்கைப் பழிக்கவில்லை. செலவுக்கு முன் கணக்குப் பார்க்கிறவனை விசுவாசம் குறைந்தவன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அதன்பின் ஐந்து அப்பங்கள் ஐயாயிரம் பேருக்கு உணவான புதுமை சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லாரும் வயிறார உண்டபின் அவர் சொன்னதைத்தான் நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். மீந்த துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார், ஒன்றும் வீணாகக் கூடாதென்று. நினைத்தால் இன்னும் ஐயாயிரம் பேருக்குப் படைக்க வல்லவர், புல்தரையில் கிடந்த துண்டுகளைத் தேட வைத்தார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. கையில் இல்லாதவர் சிக்கனமாக இருப்பதில் வியப்பில்லை. இங்கே எல்லாம் உள்ளவர் சிக்கனமாக இருந்தார். ஒரு சிறுவனிடமிருந்து வந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களை அவர் அவ்வளவு மதித்தார் என்றே நான் நம்புகிறேன்.

அதே அப்பத்தின் பெயரால், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும்போது நாம் எடுக்கும் புதுநன்மை விழாவைப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு முறை மட்டும் போடும் விலையுயர்ந்த உடை, வாசலில் ஃபிளெக்ஸ், மண்டபம், பிரியாணி. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. போதாததற்குப் பத்து வட்டிக்குப் பத்தாயிரம். மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும்; ஓராண்டில் பன்னிரண்டாயிரம் கட்டியபின்னும் அசல் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் நம்மைக் கந்துவட்டிக்காரர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆண்டவர் இலவசமாகத் தந்த விருந்துக்கு ஒரு தாய் ஆண்டு முழுவதும் வட்டி கட்டுவதை நினைத்தால் என் நெஞ்சு பதறுகிறது.

சிக்கனம் என்றதும் நம்மில் சிலர் தவறான இடத்தில் கை வைக்கிறோம். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, கீரைக்கார அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். வீட்டு வேலைக்கு வருகிற சகோதரியின் சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறோம். கொடுக்காமல் வைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு எழுதியிருக்கிறார். ஏழையின் கையிலிருந்து பிடுங்கிய மிச்சம் அந்தப் பன்னிரண்டு கூடைகளில் சேராது.

இந்த ஆண்டு புதுநன்மைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வெள்ளைப் பருத்தி உடை அணியட்டும். பூசை முடிந்ததும் கோவில் வளாகத்திலேயே எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். வசதியுள்ளவர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவாருங்கள். யாரும் வட்டிக்கு வாங்க வேண்டாம். ஏற்கனவே வாங்கித் தவிக்கிறவர்கள் வெட்கப்படாமல் இன்று மாலை பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இருப்பார்கள். அடகுச் சீட்டையும் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.