பிறர் பிள்ளைகளும் நம் பட்டமும்

பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவது நல்லறம் என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. ஒருவர் தாம் மேலும் கற்க விரும்புவதும் போற்றத்தக்கதே. ஆனால் இவ்விரு நன்மைகளும் ஒரே வகுப்பறையில் ஒன்றோடொன்று மோதுமாயின் எதற்கு இடம் தருவது? ஓர் ஆசிரியை தம் பட்டத்தின் பொருட்டுத் தம்மிடம் பயிலும் சிறுவர்களை ஆய்வுப் பொருளாக்கலாமா? சென்ற ஆண்டு என் வீட்டுத் திண்ணையிலேயே எழுந்த கேள்வி இது. அன்பர்களின் வீடுகளிலும் இன்றோ நாளையோ எழக்கூடியது என்பதால் இங்கு எழுதத் துணிகிறேன்.

என் தம்பி மகள் எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறாள்; இரு குழந்தைகளுக்குத் தாய். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பம் என்னும் துறையில் இணையவழி முதுகலைப் பட்டத்திற்குச் சேர்ந்தாள். பொழுது சாயுமுன் உணவை முடித்து, பிள்ளைகளை உறங்கவைத்து, இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியின் முன் அமர்வாள். அங்கே பேராசிரியருக்குக் காலை நேரம். இங்கே ஊர் அடங்கியிருக்கும். கணினி பழுதுபார்க்கும் படிப்பு என்று அண்டை வீட்டார் எண்ணினர். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அஃது அன்று. ஒரு பாடத்தை எவ்வாறு பகுப்பது, எவ்விடத்தில் படம் உதவும், எவ்விடத்தில் ஆசிரியரின் சொல்லே போதும், குழந்தை கற்றுக்கொண்டது என்பதை எதனைக் கொண்டு அறிவது என்பனவே அதன் பாடங்கள்.

தொலைவிலிருந்து கற்பது புதிதன்று. இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்த 1840-ஆம் ஆண்டிலேயே ஐசக் பிட்மன் அஞ்சல்வழியே சுருக்கெழுத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் வேற்றூரில் இருப்போரும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி செய்தது. பிரிட்டனில் 1969-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நம் நாட்டில் 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. நம் குடும்பங்களில் அஞ்சல்வழியே பட்டம் பெற்று ஆசிரியரானோர் எத்தனை பேர்!

அக்காலத்து அஞ்சல்வழி மாணவர் தம் அறையில் தனித்திருந்து படித்தார். அவர் தவறினால் நட்டம் அவருக்கே. கல்வித் தொழில்நுட்பப் பட்டம் அத்தகையதன்று. இதில் சேருவோரில் பலர் பணியில் இருக்கும் ஆசிரியர்கள். வேலையை விடாமலே படிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. இரவில் கற்றதைக் காலையில் வகுப்பில் செய்து பார்த்து, மீண்டும் இரவில் எழுதி அனுப்ப வேண்டும். இவ்வாறு வகுப்பறையே ஆய்வுக்கூடம் ஆகிவிடுகிறது. அங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளோ அப்படிப்புக்குப் பெயர் பதிந்தவர்கள் அல்லர். பட்டம் பெறப்போகிறவர்களும் அல்லர்.

இரண்டாம் பருவத்தில் அவளுக்கு ஒரு பாடப்பணி தரப்பட்டது. ஏதேனும் ஒரு கருவியை வகுப்பில் எட்டு வாரம் பயன்படுத்தி, மாணவரின் ஈடுபாடு எவ்வாறு மாறுகிறது என்று எழுத வேண்டும். ஏழாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் அவளே பாடம் எடுக்கிறாள். ஒரு பிரிவுக்கு டேப்லெட்டில் வினாடி வினா விளையாட்டு. மற்றொன்றுக்கு வழக்கம்போல் கரும்பலகை. விளையாட்டில் சரியான விடைக்கு நட்சத்திரம் கிடைக்கும். விரைந்து விடை தந்தால் இரண்டு நட்சத்திரம். வார இறுதியில் எல்லோர் பெயரும் வரிசையாகத் திரையில் தோன்றும். தலைமையாசிரியர் வாய்மொழியாக இசைவு தந்தார். பெற்றோரிடம் சொல்லவில்லை. பாடம்தானே நடத்துகிறோம், சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை.

அவ்வகுப்பில் ஒரு சிறுவன். அறிவியல் வேளையில் முதலில் கை தூக்குபவன் அவனே. வாசிப்பதில் மட்டும் சற்று மெதுவானவன். திரையில் வரும் வினாவை அவன் வாசித்து முடிக்குமுன் நேரம் தீர்ந்துவிடும். நான்கு வாரமும் கடைசிப் பெயர் அவனுடையதாகவே இருந்தது. ஐந்தாம் வாரம் அவன் கை தூக்குவதையே நிறுத்திவிட்டான்.

"பெரியப்பா, அதைக் கண்டதும் எனக்கு முதலில் இரக்கம் தோன்றவில்லை. இது நல்ல கண்டுபிடிப்பு, கட்டுரையில் இதற்கென ஒரு பகுதி எழுதலாம் என்றுதான் தோன்றியது. பிறகுதான் வெட்கமாயிற்று. இன்னும் மூன்று வாரம் நடத்தினால்தான் கட்டுரை முழுமையாகும். நடத்தட்டுமா?" என்று கேட்டாள்.

நட்சத்திரம் தந்து கற்பிக்கும் இம்முறைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த பி.எஃப். ஸ்கின்னர், 1953-இல் தம் மகளின் கணித வகுப்பைக் காணச் சென்றார். பிள்ளைகள் போட்ட கணக்கு சரியா தவறா என்று அவர்களுக்கு உடனுக்குடன் தெரியாமற் போவதைக் கண்டு, விடையை அக்கணமே உணர்த்தும் கற்பிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். பிரம்புக்கும் தண்டனைக்கும் அவர் எதிரி. பிள்ளைகள் அச்சமின்றிக் கற்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். ஆனால் அவர் கோட்பாடு உருவானது எலிகளையும் புறாக்களையும் கொண்டு நடத்திய சோதனைகளில். இயல்பான எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்காகும்வரை புறாவுக்கு இரையைக் குறைத்து, பிறகு அது சரியாகக் கொத்தும்போது தானியம் தருவர். பசியில்லாத புறாவுக்குத் தானியத்தால் பயனில்லை அன்றோ? இதைப் படித்த நாள் முதல், குழந்தைக்கு நட்சத்திரம் தரும் திரையைக் காணும்போதெல்லாம், அந்த நட்சத்திரத்திற்கான பசியை அதற்குள் முதலில் மூட்டியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. சிறுவனுக்கு அறிவியலில் பசி ஏற்கெனவே இருந்தது. நாம் வேறொரு பசியை வைத்து அதை அணைத்துவிட்டோம்.

ஆயினும் அவளுக்கு அன்றே விடை கூற என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1979-இல் நான் எம்.எட். பட்டத்திற்காக ஓர் ஆய்வேடு எழுதினேன். காகிதத்தை மடித்துப் பின்னங்களைக் கற்பிப்பது பற்றியது. ஒரு பிரிவுக்குக் காகிதம். மற்றப் பிரிவுக்குப் பழைய முறை. இரண்டாம் வாரத்திலேயே காகிதப் பிரிவு தெளிவாக முன்னேறியது. மற்றப் பிரிவில் சில பிள்ளைகள் பின்னத்தைக் கண்டாலே தலை குனிந்தனர். மடித்த காகிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் அவர்களுக்குத் தரவில்லை. தந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஆய்வு முடிந்தபின் தருவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வு முடிந்தது, தட்டச்சுக்கு ஓடினேன், கோடை விடுமுறை வந்தது, மறந்தேன். எனக்கு முதல் வகுப்புக் கிடைத்தது. அந்த 38 பிள்ளைகளும் என் ஏட்டில் 'கட்டுப்பாட்டுக் குழு' என்ற பெயரோடு நின்றுவிட்டனர். அவர்களுள் ஒருவர் இன்று எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே கடை வைத்திருக்கிறார், கண்டால் வணங்குகிறார். நான் சற்று விரைந்து நடக்கிறேன்.

அடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை; பிறகு என்ன குற்றம் என்று கேட்கலாம். கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொன்னும் நெல்லும் மட்டுமா பொருள்? ஒரு குழந்தையின் எட்டு வாரமும் பொருளே. அது வகுப்பில் தடுமாறும் தடுமாற்றம் கூட அதற்கு உரியதே. அதை எடுத்து என் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தாக நான் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் இவ்வாதத்தை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. என் மருமகன், அவனும் ஆசிரியனே, இதைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, நல்லாசிரியர் நாள்தோறும் எதையாவது புதிதாகச் செய்து பார்ப்பவரே. ஒவ்வொன்றுக்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடம் நூறு ஆண்டு பின்னால் போகும்" என்றான். அவன் சொல்வதில் உண்மை உண்டு. புதிய மருந்து சாகும் வரை பெட்டியில் இருக்க வேண்டும் என்று எவரும் கூறார். ஆகவே செய்து பார்த்தல் குற்றமன்று. எவருக்காகச் செய்து பார்க்கிறோம் என்பதில்தான் வழி பிரிகிறது. அதை அறிய எனக்கு ஒரே கேள்வி போதும் என்று தோன்றுகிறது: இப்பட்டம் என்ற ஒன்று இல்லாதிருந்தால், இன்று காலை இதையே செய்வேனா? அச்சிறுவனுக்காகவே அவள் கற்பித்திருந்தால் முதல் வாரத்திலேயே பெயர் வரிசையைத் திரையிலிருந்து நீக்கியிருப்பாள். ஐந்தாம் வாரம் வரை அதை நிறுத்தி வைத்தது பட்டம். காகிதத்தை என் இழுப்பறையில் பூட்டியதும் அதுவே.

பெரிய கல்விக்கூடங்களும் இவ்விடத்தில் தடுமாறியதுண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014-இல் கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை முழுவதுமாக இணையவழியே தரத் தொடங்கியது. அதில் 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேராசிரியர் அசோக் கோயல் என்பார் நடத்திய வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் படித்தனர். அவர்கள் எழுத்தில் கேட்கும் ஐயங்களுக்கு விடை தரும் உதவியாசிரியர்களுள் ஜில் வாட்சன் என்பவரும் ஒருவர். பருவம் முடியும் தறுவாயில்தான் ஜில் வாட்சன் மனிதர் அல்லர், கணினி நிரல் என்பது அவர்களுக்குக் கூறப்பட்டது. பலர் வியந்தனர், பாராட்டினர். தீங்கு எதுவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தன் ஐயத்தை ஒரு மனிதரிடம் ஒப்படைத்ததாக எண்ணிய மாணவருக்கு, அவர் யாரிடம் பேசுகிறார் என்பதை அறியும் உரிமை அன்று மறுக்கப்பட்டதுதானே? அதே ஆண்டின் பிற்பகுதியில் நடந்த வகுப்பில், உதவியாசிரியர்களுள் நிரலும் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டனர். எது எது என்பதை மட்டும் மறைத்தனர். உண்மை பாதி வழி வந்தது.

அங்கே இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோ அப்படியல்லர். மனிதரைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு அவர் இசைவு வேண்டும் என்பதை அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கை வகுத்துரைத்தது. நான் காகிதத்தைப் பூட்டி வைத்த அதே ஆண்டு! இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை என்கிறது. சட்டம் நல்லதே. ஆனால் நெசவும் உழவும் செய்யும் எங்கள் ஊர்ப் பெற்றோருள், ஆசிரியை நீட்டிய தாளில் கையெழுத்திட மறுத்தவரை என் 34 ஆண்டுப் பணியில் நான் கண்டதில்லை. "டீச்சர் சொன்னால் சரிதான்" என்பார்கள். அவர்கள் தந்தது இசைவா, மரியாதையா? மறுத்தாலும் தன் பிள்ளைக்கு ஓர் இழப்பும் வராது என்று உறுதியாகத் தெரிந்தவர் தருவதையே இசைவு என்று கொள்ளலாம். அபயத்தையும் கல்வியையும் நம் முன்னோர் நால்வகைத் தானங்களுள் ஒருங்கே எண்ணி வைத்தனர். மறுக்க அஞ்சும் குழந்தைக்கு முதலில் தர வேண்டியது எது என்பதில் ஐயமில்லை.

மூன்று நாள் கழித்து நான் அவளிடம் என் இழுப்பறைக் கதையைச் சொன்னேன். வேறு அறிவுரை கூறவில்லை. அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். எட்டு வாரக் கணக்கு குலைந்தால் மதிப்பெண் குறையும்; மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணச் சலுகை போகும். அவள் கணவர் அதற்கென்று கடன் வாங்கியிருக்கிறார். ஆகவே அவள் மௌனத்தை நான் குறை கூற மாட்டேன்.

ஆறாம் வாரத் திங்களன்று பெயர் வரிசையை எடுத்துவிட்டாள். நேர அளவையும் நீக்கினாள். டேப்லெட் இரு பிரிவுகளுக்கும் மாறி மாறிச் சென்றது. பிறகு பிள்ளைகளிடம், தானும் ஒரு மாணவி என்பதையும், அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதையும், வேண்டாம் என்போர் விலகலாம் என்பதையும் சொன்னாள். வகுப்பில் பெருஞ்சிரிப்பாம். டீச்சருக்கும் வீட்டுப்பாடமா என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தி. ஐந்து பேர் வேண்டாம் என்றனர். வீட்டிலும் சொல்லி வரச் சொன்னாள். மேலும் இருவர் விலகினர். ஏழு பேர் விலகியது குறித்து நான் மகிழ்ந்தேன். ஒருவரும் விலகாதிருந்தால் அவள் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைத்திருப்பேன்.

அச்சிறுவன் விலகவில்லை. தன்னைப் பற்றி எழுதலாம், ஆனால் கடைசியாக வந்தவன் என்று மட்டும் எழுதக் கூடாது என்றான். அதனால் கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி போயிற்று. ஒப்பீடு ஏன் பாதியில் நின்றது என்பதை அவள் மறைக்காமல் ஒரு பக்கத்தில் எழுதினாள். பேராசிரியர் அப்பக்கத்தை ஒரு வரியில் பாராட்டி, முடிவுகளுக்குப் போதிய சான்று இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அவர் செய்ததும் சரியே. கட்டணச் சலுகை பற்றிய கடிதம் இன்னும் வரவில்லை.

இக்கட்டுரையை எழுதும்போது, அவன் வேண்டாம் என்றதையே நான் இங்கு எழுதுகிறேனே என்ற உறுத்தல் எனக்கு வந்தது. அவனிடமும் அவன் தாயிடமும் கேட்டு வரும்படி அவளை அனுப்பினேன். பெயரும் ஊரும் வராவிட்டால் எழுதலாம் என்று தாய் சொன்னாராம். அவன் வேறொன்று கேட்டிருக்கிறான்: இப்போது தான் வாசிப்பில் அவ்வளவு மெதுவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன்.