பவிழம் நிஜமாகவே வேலைக்காரியாக இருந்திருந்தால்?

ராஜசேனன் இயக்கி 1993-இல் வந்த 'மேலேப்பறம்பில் ஆண்வீடு' மலையாளிகள் இன்றும் டிவியில் பார்த்துச் சிரிக்கும் படம். தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு வேலைக்குப் போன நாயகன் ஜெயராம் அங்கே பவிழத்தைக் கட்டிக்கொள்கிறார். அப்பாவிடமும் கல்யாணமாகாத அண்ணன்மாரிடமும் சொல்லத் துணிவில்லை. வேலைக்காரி என்று சொல்லி அவளை வீட்டுக்குள் கொண்டுவருகிறார். பவிழமாக நடித்தவர் ஷோபனா.

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் மூணாறு, உடும்பன்சோலையிலும் வாழும் தமிழர்களுக்கு, தமிழரை இளக்காரமாகக் குறிக்கும் 'பாண்டி' என்ற சொல் எப்படிச் சுடும் என்று தெரியும். ஆனாலும் தமிழரை இழிவுபடுத்துகிறது என்ற பழியை இந்தப் படத்தின்மேல் போடுவது நியாயமில்லை. பவிழத்தை அது கேலி செய்யவில்லை. அந்த வீட்டு ஆண்களின் வீறாப்பைத்தான் கேலி செய்கிறது. நம் தமிழ்ப் படங்கள் டீக்கடை நாயராகக் காட்டும் மலையாளியிடம் இந்த அளவு அன்பு காட்டியது அபூர்வம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவளுக்கு வேலை ஏவும்போது நம் மனம் ஏன் பதறுகிறது? அவள் அந்த வீட்டு மருமகள் என்று நமக்குத் தெரியும். உண்மை வெளிப்பட்டதும் வீடு அவளை ஏற்கிறது, நாமும் நிறைவாக எழுந்துபோகிறோம். அப்படியென்றால், நிஜமாகவே கூலிக்கு வந்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்த அடுக்களை மூலை போதுமா? போதும் என்று படம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே அதற்கு எழவில்லை.

இந்த மறதி கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. உலகப்போர் முடிந்து வீட்டுப் பஞ்சம் இருந்த அமெரிக்காவில் 1948-இல் வந்த சிரிப்புப் படம் 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் டிரீம் ஹவுஸ்'. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் நாயகன் கேரி கிராண்ட், ஒரு விளம்பர வாசகம் கிடைக்காமல் தவிக்கிறார். வேலை போனால் கனவு வீடும் போய்விடும். வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண் கஸ்ஸி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி அவரைக் காப்பாற்றுகிறது. அவளுக்குக் கிடைப்பது பத்து டாலர் சம்பள உயர்வு. அரங்கம் சிரிக்கிறது, கதை முடிகிறது. கஸ்ஸியாக நடித்த லூயிஸ் பீவர்ஸ் போன்ற பெரிய நடிகைக்கு அன்று ஹாலிவுட் பெரும்பாலும் தந்தது இப்படிப்பட்ட வேடங்களைத்தான்.

சிரிப்பு குற்றமல்ல. கோபமாகச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளும் வீட்டுக்குள்ளும் அது நுழைந்துவிடும். ஆனால் உள்ளே நுழைந்த பிறகு அடுக்களைக்காரி மருமகளாக இருந்தால்தான் கண்ணீர் வரும் என்று நம்மைப் பழக்கினால், அந்தச் சிரிப்பு பாதி வேலைதான் செய்தது.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் பெண்கள் யார் வீட்டுக்கும் மருமகளாகப் போகவில்லை. கூலிக்குப் போகிறார்கள். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸை வாங்கினார்கள். அப்போது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், 301 கிடைத்தது.