கால்நடை யாத்திரையும் திருவருளும்



திருத்தலங்களுக்குக் கால்நடையாகச் சென்று வழிபடுதல் நம்மவர்க்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் சரியையின்பாற்படுவது அது. சில நாழிகையில் ஊர்திகள் கொண்டுபோய் விடும் தலத்திற்கு இரண்டு மூன்று நாள் நடந்து செல்லுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவுகின்றனர். நடப்பவருள்ளும் சிலர், நடந்த தொலைவின் அளவே புண்ணியத்தின் அளவு என்று கருதுகின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் விடை கூறுவதொரு வழி நம் நடுநாட்டின்கண் உளது. திண்டிவனத்தினின்று செஞ்சி ஊடாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுவழியே அது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வழியினை ஈண்டு நாம் மனத்தால் நடந்து பார்ப்போமாக.

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையில், வழியினின்று சிறிது விலகி, மேல்சித்தாமூர் உளது. அது தமிழ்நாட்டுச் சமணர்க்குத் தலைமையிடம். இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயர் தாங்கும் துறவியர் வீற்றிருக்கும் சினகாஞ்சி மடமும், பார்சுவநாதர் கோயிலும், பாறையிற் செதுக்கிய பழந்திருவுருவங்களையுடைய மல்லிநாதர் கோயிலும் அங்குள்ளன. சைவ யாத்திரிகர் அவ்வூரை முகந்திருப்பிக் கடத்தல் முறையாகுமோ? ஆகாதென்பதே எம் துணிபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் சமணர் கொள்கையை எடுத்து மறுத்தார். அவரே சுபக்கத்தில், எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வந்து பயனளிப்பவன் சிவபெருமானே என்று தெளிவித்தார். கொள்கையை மறுத்தல் வேறு. கொண்டாரை இகழ்தல் வேறு.

அன்றியும், கால்நடையாற் செல்லும் நெறியில் நாம் அவர்பாற் கற்கவேண்டுவதும் உண்டு. திகம்பர முனிவர் இன்றும் ஊர்தி ஏறார்; மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்கி, ஏனைக் காலமெல்லாம் நடந்தே செல்வர்; அமருமிடத்துச் சிற்றுயிர் நலியாதபடி மயிற்பீலியால் மெல்லத் தடவிய பின்னரே அமர்வர். நம் யாத்திரிகரோ இலையும் குப்பையும் வழிநெடுக எறிந்து, சிவநாமம் முழக்கிச் செல்கின்றனர். எவ்வுயிரிலும் நிறைந்துள்ளான் இறைவன் என்போர் செய்யத்தகுவதோ இது?

செஞ்சியை அடுத்துத் திருநாதர்குன்று என்னும் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தியை ஆண்டுள்ள பழங்கல்வெட்டு அறிவிக்கின்றது. அம்மனவலியை எண்ணுந்தோறும் நம் தலை தானே தாழும். ஆயினும், இவ்விடத்தேதான் சித்தாந்தம் தன் வினாவை எழுப்புகின்றது. உயிர் தன் முயற்சி ஒன்றானே வினையறுத்து வீடுபெறும் என்பது அவர் துணிபு. நாமோ, ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியதென்றும், அருளின்றி அது நீங்காதென்றும் கொள்கின்றோம். கண்ணிற் படர்ந்த படலத்தை அக்கண்ணே உரித்துக்கொள்ள மாட்டாது; மருத்துவன் கை வேண்டும்.

மனிதன் வலிமையின் எல்லையைச் செஞ்சி மலைகள் காட்டுகின்றன. மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த அக்கோட்டையை 1677இல் சிவாஜி மன்னர் கைக்கொண்டார். பின்னர் மொகலாயர் படை ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல் கைப்பற்றியது. 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் அதனை அடைந்தனர். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பெற்றது. அசைக்கொணாதெனக் கருதப்பட்ட அரண், இன்று காண்பார் கண்டு செல்லும் காட்சியாயிற்று.

அரசர்க்கு மட்டுமோ கோட்டை? ‘யான் நடந்தேன்’ என்னும் எண்ணமும் ஒரு கோட்டையே. கடந்த கல்லைக் கணக்கிடுகின்றோம். பேருந்தில் வந்திறங்கிய மூதாட்டியை ஏளனமாய் நோக்குகின்றோம். அன்னதான வரிசையில் முந்துதற்குப் பூசலிடுகின்றோம். ஆணவமும் நம்முடன் யாத்திரை வருகின்றது; அதற்குக் கால் நோவதில்லை.

இந்நோய்க்கு மருந்தாவது அப்பரடிகள் வரலாறு. பாடலிபுரத்துச் சமணப்பள்ளியில் தருமசேனராய்த் தலைமை பூண்டு, பின் திலகவதியார் வழிகாட்டத் திருவதிகையிற் சைவம் புக்கவர் அவர். முதுமையில் கயிலை காணப் புறப்பட்டார். பாதங்கள் தேய்ந்தன; கையால் ஊன்றிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பால் உந்தினார். மார்பும் நைந்தபின் புரண்டார். அதுவும் ஒழிந்து செயலற்றுக் கிடந்தபோதே இறைவன் வந்தருளினான். வடபால் தடாகத்தில் மூழ்கியவர் தென்பால் திருவையாற்றில் எழுந்தார். ஆண்டே கயிலைக் காட்சி பெற்றார் என்று சேக்கிழார் உரைக்கின்றார். அவர் நடந்த நடை வீணாயிற்றோ? இல்லை. தம் செயல் முற்றும் ஓயும் இடத்திற்கு அவரைக் கொண்டுசேர்த்தது அந்நடையே. கண்டதோ அருளால்.

இனி, வழியின் முடிவாகிய அண்ணாமலை கூறுவதும் இதுவே. பன்றியாய் அகழ்ந்தவரும் அன்னமாய்ப் பறந்தவரும் தம் வலியால் அடிமுடி காணாராயினர். ‘யாம் காண்போம்’ என்னும் தருக்கு ஒழிந்தபின்னரே அருள்பெற்றனர். இரவெல்லாம் நடந்து கால் கொப்புளித்து, இனி ஓரடியும் வையேன் என அமர்ந்த யாத்திரிகன், விடியலில் அம்மலையைக் கண்டு, எழுந்த வகை தானறியாது எழுந்து நடக்கின்றான். எழுப்பியது எதுவென்று அப்பொழுது உள்ளத்தில் உசாவுவானாயின், அவன் யாத்திரை பயன்பெற்றது.

ஆதலால் நடக்கவியலாதார் வருந்தற்க. பெண்ணையாற்றங்கரைத் திருவெண்ணெய்நல்லூரில் எழுந்தருளியிருந்த மெய்கண்டதேவர், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுமாறு சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரத்தில் ஆணை தந்தார். தம்மூர்க் கோயிலை வலம்வருவாரும், வழிநடப்பார்க்கு ஒரு குவளை நீர் கொடுத்துக் கால் பிடித்துவிடுவாரும் அவ்வாணையின்வழி நிற்போரே.

நடப்போர் நடக்க, திருவைந்தெழுத்தை நெஞ்சிற்கொண்டு, சிற்றுயிர்க்கும் பிற சமயத்தார்க்கும் தீங்கு நினையாது நடக்க. திருவாயிலை அடைந்தபின் கடந்த தொலைவை எண்ணாது, நடத்தி வந்தவன் திருவடியை எண்ணுக.

திருச்சிற்றம்பலம்.