கெடு

என் மகள் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து பத்திரிகைக்குத் தரவேண்டிய அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இருவருக்குமே கெடு இருந்தது. எனக்கு மறுநாள் காலை. அவளுக்கு, ஆட்டத்துக்குள்ளே மூன்று நாள்.

விளையாட்டில் கெடு வைப்பது புதிய காரியமல்ல. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டத்தில் 400 என்ற எண் திரையின் மூலையில் குறைந்துகொண்டே வரும். நொடியைவிட வேகமாகக் குறையும். நூறுக்குக் கீழே இறங்கினால் சங்கீதமும் பதறிக்கொண்டு ஓடும். அந்தக் கெடு காலை விரட்டுகிறது, அவ்வளவுதான். காசு போட்டு ஆடும் கடை இயந்திரங்களில் காரணம் இன்னும் எளியது: அடுத்த ஆள் காசோடு நிற்கிறான்!

மகள் ஆடியது வேறு தினுசு. 2000-இல் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட 'மேஜராஸ் மாஸ்க்'. ஒரு நகரத்தின்மேல் சந்திரன் விழப்போகிறது. மூன்று நாள் தவணை. சாதாரண வேகத்தில் நம் கணக்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரு பாட்டை வாசித்தால் முதல் நாளுக்கே திரும்பிவிடலாம்.

முதல் நாள் நள்ளிரவில் ஒரு கிழவியின் பையைத் திருடன் பறிக்கிறான். அவனைத் தடுக்கலாம். தடுத்துவிட்டால் அந்தத் தடவை அவனுடைய மறைவிடத்துக்கு வழி கிடைக்காது. பிரிந்திருக்கும் ஒரு ஜோடியின் கல்யாண முகமூடி அங்கேதான் இருக்கிறது. கிழவியா, காதலர்களா?

மகள் கிழவியை விட்டுவிட்டாள். சந்திரன் விழச் சற்று நேரமே இருக்கையில் காதலர்கள் சேர்ந்தார்கள். பிறகு அவள் பாட்டை வாசித்தாள். மறுபடி முதல் நாள், மறுபடி பிரிவு. அவள் செய்த உதவி ஒருவருக்கும் நினைவில்லை.

"அவங்களுக்கே தெரியலைன்னா, நான் செஞ்சது செஞ்சதுதானாப்பா?"

"உனக்கு நினைவிருக்கே" என்றேன்.

"அப்போ பாட்டியை விட்டதும் எனக்கு நினைவிருக்குமே!"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். காலம் அளவில்லாமல் கிடைத்தால் யாரும் எல்லோருக்கும் நல்லவராக இருந்துவிடலாம். கெடு வந்த பிறகுதான் நம் மனத்தில் யாருக்கு முதல் ஸ்தானம் என்பது நமக்கே தெரிகிறது.

சில வருஷங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்த சிநேகிதன் ஒருவன் என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பினான். தொடர்கதைக்கு அத்தியாயம் பாக்கி. "நேரமில்லை, வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றேன். வெள்ளிக்கிழமை வந்தது, அவன் இல்லை.

நேரமில்லை என்று நான் சொன்னது பொய். அன்று மாலை மூன்று மணி நேரம் என்னிடம் இருந்தது. அதை அத்தியாயத்துக்குக் கொடுத்தேன். அந்த அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்று இன்று எனக்கே நினைவில்லை.