நான் கொடுக்கப்பட்டேனா?

1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் பிரெஞ்சு கற்பிக்கும் ஊர் புதுச்சேரி. ஆனாலும் இங்கே பலர் பிரெஞ்சின் செயப்பாட்டுவினையை ஆங்கிலத்தின் வழியே அணுகுகிறார்கள். அது சுற்றுவழி; தமிழே நேர்வழி. ஆங்கிலச் செயப்பாட்டுவினையில் பொருளைப் பெறுபவரும் எழுவாயாகலாம். அந்தப் பழக்கத்தில் ‘ழெ சுயி தொனே அன் லீவ்ர்’ என்று எழுதினால், பிரெஞ்சுக் காதில் அது ‘நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்’ என்றே விழும். தமிழ்க் குழந்தைகூடச் சிரிக்கும். ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை நம் மொழியில் எழுவாயாக மாறாது, பிரெஞ்சிலும் மாறாது. அங்கே இயல்பான வாக்கியம் ‘ஒன் மா தொனே அன் லீவ்ர்’. யார் என்று சொல்லாத அந்த ‘ஒன்’, நாம் ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்’ என்னும்போது மறைந்து நிற்கும் ‘அவர்கள்’தான். ‘புத்தகம் நன்றாக விற்கிறது’ என்பதற்கும் அங்கே ‘ஸெ வான்’ என்று இணை உண்டு. ‘படு’ தேவையே இல்லை.

தமிழ் எல்லாவற்றுக்கும் உதவாதே என்பார்கள். உண்மைதான். வீடு பிரெஞ்சில் பெண்பால் என்பதால் ‘கட்டப்பட்ட’ என்ற எச்சமும் பெண்பால் ஈறு ஏற்கும். அஃறிணைக்குப் பால் பார்க்கும் அந்த வம்பை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் அதில் ஆங்கிலமும் கைகொடுப்பதில்லை. ‘சுயி’ என்ற துணைவினை வந்தாலே செயப்பாட்டுவினை என்று மயங்குவதும் உண்டு: ‘ழெ சுயி அரிவே’ என்றால் ‘வந்துவிட்டேன்’, அவ்வளவே. ‘யாரால்?’ என்று தமிழில் கேட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும்.