பண்டத்துக்குப் பாராட்டு, உண்பவனுக்கு?

இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுகின்றனர். காய்ந்து இறுகியதும் பானையில் சேர்த்துவைத்து, வேண்டும்போது எண்ணெயில் பொரிக்கின்றனர். இந்த உப்புக்கண்டம் இன்று உணவுத் திருவிழாக்களில் ‘மரபுச் சுவை’ என்று போற்றப்படுகிறது. போற்றட்டும். ஆனால், தோழர்களே, எதைப் போற்றுகிறோம்?

பழமையையா? பழையது என்பதே பெருமைக்குக் காரணமானால், தீண்டாமைக்கும் விழா எடுக்கவேண்டுமே!

போற்றத்தக்கது அதிலுள்ள அறிவு. உப்பு, இறைச்சியின் நீரை வெளியேற்றும். வெயிலும் காற்றும் ஈரத்தை மேலும் போக்கும். ஈரம் குறைந்தால் கிருமி பெருகாது. நுண்ணோக்கி காணாத மக்கள் பட்டறிவால் கண்ட உண்மை இது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைமக்களும் இதைக் கண்டனர். அவர்தம் கெச்சுவா மொழிச் சொல்லான ‘சார்க்கி’யே ஆங்கிலத்தில் ‘ஜெர்க்கி’ ஆயிற்று.

ஆயினும், அறிவின் கதையோடு அடிமையின் கதையும் உண்டு. பிரேசிலின் பெலோட்டாஸ் நகர்ப்புறத்தில் 1780 முதல் உப்பிறைச்சிக் கூடங்கள் எழுந்தன. அங்கே மாடறுத்து உப்பிட்டோர் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்; தொலைதூரத் தோட்டங்களில் அந்த இறைச்சியை உண்டு உழைத்தோரும் அடிமைகளே. செல்வம் மட்டும் கூடத்து உடைமையாளர்க்கு! 1888இல்தான் அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது.

நம் நாட்டிலோ, செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைச் சில சாதியார் தலையில் சுமத்தினர். அதன் இறைச்சியைத் தின்னும் நிலைக்கும் அவர்களைத் தள்ளினர். தின்றதற்காகவே இழிந்தோர் என்றும் ஏசினர். மராத்வாடா பகுதியில் அம்மக்கள் மாட்டிறைச்சியை உலர்த்திப் பஞ்ச காலத்துக்குக் காத்துவைத்தனர். ‘சான்யா’ என்பது அதன் பெயர். 1927இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழியுங்கள் என்று தன்மானத்தின் பெயரால் வேண்டினார். விரும்பி உண்பது வேறு. வேறு வழியின்றி உண்பது வேறு.

என் குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாணவன் ஒருவன் வகுப்பறையில் சோற்றுடன் உப்புக்கண்டம் வைத்திருந்தான். மற்றவர் மூக்கைப் பொத்தினர். “தம்பி, நீ தாழ்வாரத்தில் போய்ச் சாப்பிடு” என்றேன். அமைதிக்காகச் செய்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் அவன் சோறே கொண்டுவரவில்லை. சில திங்கள் கழித்து, விழா ஒன்றில் அதே பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கி, சுவையோ சுவை என்றேன். வாயிலிட்ட துண்டு தொண்டையில் இறங்கவில்லை. அவனிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் நண்பகலில் வகுப்பில் அவனருகே அமர்ந்தே உண்கிறேன்.

பந்தலில் பாராட்டுவது எளிது. பக்கத்தில் அமர்ந்து உண்பதும், இறைச்சி உண்போர்க்கு வீடில்லை என்பவரை ஏன் என்று கேட்பதும் கடினம். விரும்புவோன் தலைநிமிர்ந்து உண்ணவும், விரும்பாதோன் அச்சமின்றி மறுக்கவும் உரிமை வரட்டும். அன்று எடுப்போம், உப்புக்கண்டத்துக்கு உண்மையான விழா!